வோக்: புகையா, பனியா, மூட்டமா?

ஹவாய்த் தீவில் கிலாவெயா எரிமலை 2024 டிசம்பர் 23 அன்று மறுபடி பொங்கத் தொடங்கியது. 2025 முழுவதும் அது விட்டுவிட்டுப் பொங்கியது. சில மணி நேரம் எரிகுழம்பு ஊற்றாகப் பீய்ச்சும், சில முறை 300 மீட்டரையும் தாண்டும். பிறகு நாள்கணக்கில் அடங்கியிருக்கும். இந்தச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் ஆங்கிலச் சொல் 'வோக்' (vog). எரிமலை வாயுவால் வானம் மங்குவதைக் குறிப்பது.

இது ஒட்டுச்சொல்லிலிருந்து பிறந்த இன்னொரு ஒட்டுச்சொல். ஸ்மோக் (புகை), ஃபாக் (மூடுபனி) இரண்டும் சேர்ந்து ஸ்மாக் ஆனது. 1905இல் லண்டன் மருத்துவர் ஒருவர் அந்தச் சொல்லைப் பரப்பினார். அதன் தலையை வெட்டி, வால்கானிக் என்பதன் முதல் எழுத்தை வைத்தால் வோக்.

ஆனால் வோக்கில் புகையும் இல்லை, பனியும் இல்லை. எரிமலை வாயிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு வெயிலிலும் ஈரக்காற்றிலும் மெல்ல மாறி, கந்தக அமிலமும் சல்பேட்டும் கலந்த நுண்துளிகளாகிறது. அவை வெயிலைச் சிதறடிப்பதால் நீலவானம் வெளுத்து மங்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு இழுக்கும். மேகத்தில் இத்துளிகள் கூடினால் மேகத்துளிகள் சிறுத்து, மழை பிடிப்பது கடினமாகலாம். பெய்கிற மழையிலும் அமிலம் ஏறும். அத்தீவில் பல வீடுகளில் கூரைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். 1988இல் தீவின் மேற்கிலுள்ள கோனா பகுதியில் சோதித்தபோது பல தொட்டிகளில் ஈயம் இருந்தது. கூரையிலும் குழாயிலும் இருந்த ஈயத்தை மழையின் அமிலம் கரைத்துவிட்டிருந்தது.

வோக் எங்கே போகும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். வடகிழக்கு வணிகக்காற்று அதைத் தீவின் தென்முனையைச் சுற்றி மேற்கே கோனாவுக்குத் தள்ளும். அங்கே பகலில் கடற்காற்று கரைக்குள் கொண்டுவரும், இரவில் நிலக்காற்று கடலுக்கு அனுப்பும். தென்காற்று வீசினால் தொலைவில் வேறொரு தீவிலுள்ள ஹொனலூலு நகரமும் மங்கிவிடும்.

உலகின் வெப்பநிலையை இது குறைக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். 1991 ஜூன் 15இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ வெடித்தபோது ஏறத்தாழ 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடு, மேகங்களுக்கும் மேலே, மழையே இல்லாத அடுக்குமண்டலத்துக்குப் போனது. உலகம் சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தது. கிலாவெயாவின் வாயு பெரும்பாலும் கீழ்வளியிலேயே தங்கி, மழையில் கழுவப்பட்டுவிடுகிறது. பொங்கும் உயரம் பார்த்து மிரள வேண்டியதில்லை, கந்தகம் எவ்வளவு உயரம் போனது என்பதே கேள்வி.

இனி தமிழ்ச் சொல். 'எரிமலைப் புகை' என்றால் ஏதோ எரிகிறது என்ற பிழை வந்துவிடும். 'எரிமூட்டம்' சுருக்கம்தான், ஆனால் காதில் 'எரியூட்டல்' என்று விழும், அது சுடுகாட்டுச் சொல். 'கந்தக மூட்டம்' பொருளைச் சரியாகச் சொன்னாலும் நிலக்கரி ஆலைக்கும் பொருந்தும். மேகமூட்டம், பனிமூட்டம், போகி காலையின் புகைமூட்டம் எல்லாம் நம் வாயில் புழங்குபவை. எது மூடினாலும் மூட்டம். ஆகவே 'எரிமலை மூட்டம்' என்பதே என் தேர்வு.

வோக்கின் உறவுச் சொல்லான 'லேஸ்' (laze) வேறு. எரிகுழம்பு கடலில் விழும்போது எழும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி அது. 'அமில நீராவி' என்றால் போதும்.