18 முடிந்துவிட்டால் பிள்ளைக்கு ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

"பிள்ளைக்கு 18 ஆயிடுச்சு, இனிமே ஒரு ரூபாய் தரமாட்டேன்" என்று பிரிந்துபோன அப்பா சொன்னதும் அதுதான் சட்டம் என்று நம்பி, காலேஜ் ஃபீஸுக்கு நகையை அடகு வைக்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர். அவர் சொல்வது பாதிதான் சரி. மகள் விஷயத்தில் பெரும்பாலும் தவறு.

ஜீவனாம்சம் கேட்க உதவிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகிவிட்டது. அதில் 18 வரைதான் கணக்கு. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டும் அதற்குப் பிறகும் உண்டு (கல்யாணமான மகள் இதில் வரமாட்டார்).

சரி, நல்ல உடல்நலத்தோடு படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கு? அவர் இந்துவாக இருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் பிடிக்க வேண்டும். பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் இதே சட்டம்தான். கல்யாணமாகாத மகளுக்குச் சொந்த வருமானமோ சொத்தோ போதவில்லை என்றால் வயது வரம்பே கிடையாது, நியாயமான கல்யாணச் செலவும் பராமரிப்புக்குள் வரும். இந்தக் கடமை அப்பாவோடு அம்மாவுக்கும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை உறுதிப்படுத்தியது. ஆனால் 125-ல் போட்ட மனுவில் மாஜிஸ்திரேட் இதைக் கொடுக்க முடியாது, 20-ஆம் பிரிவில் தனியாகக் கேட்க வேண்டும் என்றது. பல பேர் தோற்பது இங்கேதான், உரிமை இருந்தும் மனு தப்பான பிரிவில் போய்விடுகிறது. குடும்ப நல நீதிமன்றத்தில் கேட்கப் போகும்போது எந்தப் பிரிவில் போடுகிறார் என்று வக்கீலிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

மகனுக்கு இப்படித் தெளிவான பிரிவு இல்லை. 18 ஆனதாலேயே மகனின் படிப்புச் செலவை அம்மா ஒருத்தியே சுமக்கக் கூடாது என்று 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, அதை இங்கே எடுத்துக்காட்டலாம், ஆனால் நம்ம ஊர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

அப்புறம் பாக்கி. 18 ஆவதற்கு முன் தராமல் விட்ட மாதங்களின் தொகை அந்தப் பிறந்தநாளோடு அழிந்துவிடாது. ஆனால் 144-ல் வாங்கிய உத்தரவு என்றால், பணம் தர வேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக அந்த ஓராண்டு ஓடுகிறது, அதனால் பழைய பாக்கியில் இருந்து உடனே கணக்குப் போடுங்கள்.