பிச்சிப்பூ காட்டும் நேரம்: ஒரு சென்ட் பாட்டிலை எப்படி முகர்வது

விடியும் முன்பே தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம் உண்டு. மலை மாதிரி குவித்து வைத்திருக்கும் பிச்சியில் நினைத்த அளவு மணம் இருக்காது. அத்தனையும் மொட்டு. அதே மொட்டில் நூறு கிராம் வாங்கி, ஈரத்துணியில் பொதிந்து வைத்து, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் பிரித்துப் பாருங்கள். வீடே மணக்கும்.

காலையில் அந்த மணம் எங்கே இருந்தது? மொட்டுக்குள் ஒளிந்திருக்கவில்லை, அப்போது அது பெரும்பாலும் உருவாகியே இருக்கவில்லை. பிச்சி மலரும்போதுதான் இதழ்களில் உள்ள செல்கள் மணப்பொருள்களைத் தயாரித்து வெளியே விடுகின்றன. இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சியை அழைக்க வேண்டிய பூ அது, ஆகவே இரவுதான் அதற்கு வேலை நேரம். பறித்துவிட்டாலும் அந்த வேலை நிற்பதில்லை. செடியை விட்டுப் பிரிந்த பிறகும் பல மணி நேரம் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் பூக்கள் மிகச் சில. பிச்சியும் மல்லிகையும் அந்த வகை. தலையில் வைத்த சரம் இரவில் இன்னும் கூடுதலாக மணப்பது இதனால்தான்.

பிரான்சில் கிராஸ் நகரத்து சென்ட் தொழிலாளர்கள் இந்தக் குணத்தை நன்றாகப் பயன்படுத்தினார்கள். கண்ணாடித் தட்டில் மணமில்லாத கொழுப்பைத் தடவி, அதன்மேல் மல்லிகையைப் பரப்பி ஒரு நாள் விட்டுவிடுவார்கள். பூ விடும் மணத்தைக் கொழுப்பு உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. வாரக்கணக்கில் இப்படி நடக்கும். மணப்பொருள்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பிலும் எண்ணெயிலும் கரையும். மூடி சரியாக இல்லாத தேங்காய் எண்ணெய், பக்கத்தில் இருக்கும் எதன் வாடையையும் இழுத்துக்கொள்வது நம் வீடுகளில் தெரிந்த சங்கதிதானே, அதுவேதான் இது.

இப்போது ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து எடுக்கிறார்கள். முதலில் மெழுகு மாதிரி ஒன்று கிடைக்கும், அதை ஆல்கஹாலில் கழுவினால் கெட்டியான, அடர்நிறத் தைலம். அதற்கு அப்சல்யூட் என்று பெயர். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஏறக்குறைய 700 முதல் 1000 கிலோ வரை பூ வேண்டும். பூக்கடைக்கு மொட்டு வேண்டும், சென்ட் ஆலைக்கோ மலர்ந்த பூ வேண்டும். கோவை, சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகையிலிருந்து எடுத்த சாறு உலகின் பெரிய சென்ட் நிறுவனங்கள் வரை போகிறது.

இந்த மணத்துக்குள் என்ன இருக்கிறது? பென்சைல் அசிட்டேட், லினலூல் என்று இனிப்பும் குளுமையுமான பொருள்கள். அவற்றோடு கொஞ்சம் இண்டோல். இண்டோல் மலத்திலும் இருக்கும் பொருள்! தனியாக, அடர்த்தியாக முகர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். துளியளவு கலந்திருக்கும்போது அதுதான் மல்லிகைக்கு உயிர் கொடுக்கிறது. அதை நீக்கிவிட்டுச் செய்த மல்லிகை சென்ட், சோப்பு மாதிரி தட்டையாக இருக்கும். பென்சைல் அசிட்டேட் சுமார் 213 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், இண்டோல் சுமார் 254 டிகிரியில். முந்தையது சீக்கிரம் பறந்துவிடும், பிந்தையது தங்கிவிடும். மறுநாள் காலையில் வாடிய சரத்தில் ஒருவித நாற்றம் தலைதூக்க இதுவும் ஒரு காரணம்.

சென்ட் முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்பேன். பாட்டிலில் இருப்பது ஒரே மணம் இல்லை. வெவ்வேறு வேகத்தில் ஆவியாகும் ஐம்பது, நூறு பொருள்கள் ஆல்கஹாலில் கரைந்து கிடக்கின்றன. அடித்தவுடன் எலுமிச்சை, ஆரஞ்சு வகை வரும். அதிலுள்ள லிமோனீன் லேசானது, கால் மணி நேரத்தில் கிளம்பிவிடும். அப்புறம் பூக்கள், மசாலா. கடைசி வரை கூட வருவது சந்தனம், வெட்டிவேர், மஸ்க் போன்ற கனமான மூலக்கூறுகள்.

பல வருடங்களுக்கு முன் நாகர்கோவிலில் ஒரு கடையில், அடித்த மாத்திரத்தில் பிடித்துப்போய் ஒரு பாட்டிலை வாங்கினேன். தக்கலைக்கு பஸ் ஏறி, பார்வதிபுரம் தாண்டுவதற்குள் அந்த எலுமிச்சைக் குளிர்ச்சி போய்விட்டது. பிறகு வந்த பாகு மாதிரியான இனிப்பு, அந்த நெரிசலிலும் புழுக்கத்திலும் தலைவலியாக மாறியது. நான் பணம் கொடுத்தது முதல் பத்து நிமிடத்துக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்தது மீதி எட்டு மணி நேரத்தை.

அன்றிலிருந்து அவசரப்படுவதில்லை. கடையில் முதலில் காகிதப் பட்டையில் முகர்வேன். மூன்றுக்கு மேல் போகமாட்டேன். அதில் பிடித்த ஒன்றை மட்டும் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு, வாங்காமல் வெளியே வந்துவிடுவேன். வெயிலில் நடந்து, டீ குடித்து, பஸ்ஸில் உட்கார்ந்து, இரவு சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை என்று முகர்ந்து பார்த்த பிறகுதான் முடிவு. உடல் சூடு ஆவியாதலைக் கூட்டும். வறண்ட தோலில் மணம் சீக்கிரம் போய்விடும். வேறொருவர் கையில் நன்றாக இருந்தது என்பதற்காக வாங்குவதில் அர்த்தமில்லை.

மூன்றோடு நிறுத்துவதற்குக் காரணம் மூக்கு. மனித மூக்கில், மணத்தை உணரும் நரம்பு செல்களில், சுமார் 400 வகை மண ஏற்பிகள் (மணப்பொருளைப் பிடிக்கும் புரதங்கள்) இருக்கின்றன. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மணம் விடாமல் வந்துகொண்டிருந்தால் அந்த நரம்பு செல்லுக்குள் கால்சியம் புகுந்து, செல்லின் உணர்திறனைக் குறைத்துவிடும். பூக்கடைக்காரருக்குத் தன் கடை மணக்காமல் போவதும் இதனால்தான். நமக்கு மணக்கவில்லையே என்று மேலும் மேலும் அடித்துக்கொள்கிறவர்கள் பக்கத்து சீட்டுக்காரரைத்தான் வதைக்கிறார்கள். கடைகளில் காப்பிக்கொட்டை நீட்டுவார்கள். அதைவிட வெளிக்காற்றில் கொஞ்சம் நிற்பது நல்லது. இன்னொன்று, ஏற்பிகளின் மரபணு ஆளுக்கு ஆள் மாறும். சில மஸ்க் வகைகள் சிலருக்கு அறவே மணக்காது. அது சென்ட்டின் குறையும் இல்லை, மூக்கின் குறையும் இல்லை.

பாட்டிலில் இ.டி.பி. (ஓ டி பர்ஃபம்) என்றிருந்தால் மணப்பொருள் பொதுவாக 15 முதல் 20 சதவீதம், இ.டி.டி. (ஓ டி டுவாலெட்) என்றால் 5 முதல் 15, கொலோன் இன்னும் குறைவு. சதவீதம் கூடியது எல்லாம் உசத்தி என்று நினைக்க வேண்டாம். நம் கடற்கரைப் புழுக்கத்துக்குப் பகலில் இ.டி.டி.யே போதும் என்பது என் அனுபவம். அத்தரில் ஆல்கஹால் இல்லை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செப்புப் பானையில் பூவைக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். தொடக்கத்தில் ஆர்ப்பாட்டமில்லாமல் தோலை ஒட்டியே நிற்கும். விலை மிகக் குறைவென்றால் சந்தனத்துக்குப் பதில் பாரஃபின் எண்ணெய் இருக்கலாம்.

சேர்த்து வைக்கும் ஆசை வந்துவிட்டால் முதலில் சேர்க்க வேண்டியது பாட்டில்களை அல்ல, மணங்களை. அதற்கு நம் குமரி மாவட்டமே போதும். மாறாமலையில் விளையும் கிராம்பை நசுக்கினால் யூஜினால் என்ற மணப்பொருள். கார்னேஷன் பூ மணத்தை அதைக் கொண்டுதான் கட்டுவார்கள். ஒரு காலத்தில் அதிலிருந்து வெனிலா மணத்தைத் தரும் வெனிலின் கூடச் செய்தார்கள். கிராம்பும் பிச்சி மாதிரி மலருமுன் பறித்த மொட்டுதான். புல்தைலத்தில், அதாவது எலுமிச்சைப்புல் எண்ணெயில், சிட்ரல், எலுமிச்சை வாசனையின் ஆதாரம். வெட்டிவேர் எந்த நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும். இவற்றைத் தனித்தனியாக மனதில் பதித்துவிட்டால், கலவைக்குள் அவை தலைகாட்டும்போது அடையாளம் தெரியும். கரையில் ஒதுங்கும் அம்பரை மட்டும் தொடாதீர்கள். எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அதை வைத்திருப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இன்றைய சென்ட்டுகளில் அந்த மணத்தைத் தருவது பெரும்பாலும் ஆம்ப்ராக்ஸன். அது கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு செய்யப்படுவது.

பாட்டில்களுக்கு எதிரி மூன்று: வெளிச்சம், சூடு, காற்று. லிமோனீனும் லினலூலும் காற்றோடு சேர்ந்து மாறும்போது மணம் கெடுவதோடு, சிலருக்குத் தோலில் ஒவ்வாமையும் வரும். குளியலறை ஜன்னல் ஆகவே ஆகாது. பெட்டியோடு பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். பாதிக்கு மேல் காலியான பாட்டிலில் காற்று அதிகம், அதை முதலில் தீர்த்துவிடுங்கள். பத்து மில்லி பாட்டில் கிடைத்தால் நூறு மில்லி வாங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பத்து நிமிடம், இரண்டு மணி நேரம், மறுநாள் காலை என்று மூன்று இடம் விட்டு எழுதுங்கள்.

என் நோட்டில் போன வெள்ளிக்கிழமைக்குரிய மூன்றாவது இடத்தில் இப்படி இருக்கிறது: “சட்டைக் காலரில் வெட்டிவேர் மட்டும்.”