அந்தப் பிழைய அழிக்காதீங்க

நேத்து மறுபடியும் நடந்துச்சு. இந்த வருசம் எத்தனாவது தடவைன்னு எண்ணுறத விட்டுட்டேன், அதனாலதான் இன்னிக்கு உக்காந்து எழுதுறேன். ரெண்டாம் ஆண்டுப் பையன், நல்ல புள்ள, காலைல கேட்டாண்ட முதல் ஆளா வணக்கம் டீச்சர்னு சொல்றவன். புதன்கிழமை வீட்டுப்பாடமா கொடுத்துவிட்ட 8 கழித்தல் கணக்கும் சரி. அடித்தல் இல்ல, அழிச்ச தடம் இல்ல, கோடெல்லாம் ரூலர் வெச்சுப் போட்டிருக்கு. அதுலேர்ந்தே ஒரு கணக்க, நம்பரக் கூட மாத்தாம, பலகைல எழுதிக் கூப்பிட்டேன். 402லேர்ந்து 167ஐக் கழிக்கணும். மார்க்கரப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் 365னு எழுதிட்டு தரையப் பாத்தான். வீட்டுல யாருய்யா போட்டதுன்னு கேட்டேன். "அக்கா"ன்னான். அக்கா இடைநிலைப்பள்ளில படிவம் 2ல படிக்குது. புத்தகத்துல 235னு முத்து முத்தா எழுதியிருக்கு.

நான் அவனைத் திட்டல. அவன் மேல என்ன தப்பு இருக்கு?

மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைங்க படிக்கிற ஒரு தமிழ்ப்பள்ளியில 17 வருசமா முதல் மூணு ஆண்டுப் பிள்ளைங்களுக்குத்தான் பாடம் எடுக்குறேன். இங்க நிலைமை எப்படின்னு எனக்குத் தெரியும். அம்மா விடியக்காலைல பேக்டரி வேன் ஏறுறாங்க, அப்பா லோரி ஓட்டுறாரு இல்ல பாமாயில் மில்லுல சிஃப்ட்டு, வீட்டுல பாட்டிதான். ராத்திரி எட்டு மணிக்கு வந்து சோறாக்கி துணி துவைச்சு, அதுக்கப்புறம் புள்ளையோட பையத் திறந்தா வீட்டுப்பாடம் முடிக்கல, புள்ள தூங்கி விழுறான், நாளைக்கு டீச்சர் ஏசுவாங்களேன்னு பயம், சரி நீ தூங்கு நான் எழுதுறேன்னு அம்மாவோ அக்காவோ பென்சில எடுத்துடுறாங்க. பாசத்துலதான் செய்றீங்க. அது புரியாம இல்ல. ஆனா செய்யாதீங்க.

பெத்தவங்க மனசுல ஒரு எண்ணம் கல்லு மாதிரி உக்காந்திருக்கு. புத்தகம் பூரா சிவப்பு மையில சரி விழுந்திருந்தா புள்ள படிச்சிட்டான், பிழை விழுந்திருந்தா புள்ள மக்கு, இல்லன்னா டீச்சர் ஒழுங்கா சொல்லித் தரல. இது ரெண்டுமே இல்லங்க. வீட்டுப்பாடம் நீங்க எனக்குக் கட்ட வேண்டிய கடன் இல்ல. ரத்தம் டெஸ்ட் பண்ண கிளினிக்குக்குப் போறீங்க, எனக்கு இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதின்னு எழுதிடக் கூடாதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் ரத்தத்தயா கொடுப்பீங்க? கொடுத்தா ரிப்போர்ட் நல்லாத்தான் வரும், வியாதி உள்ளேயே இருக்கும், டாக்டர் மருந்து தராம வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அக்கா போட்ட கணக்க என்கிட்ட அனுப்புறதும் அதேதான். நான் சரி போட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுறேன். புள்ள அங்கேயே நிக்கிறான்.

சரின்னா ஒண்ணுதான், பிழை அப்படி இல்ல. அந்த 365 எப்படி வந்துச்சுன்னு பாருங்க. ஒன்று இடத்துல 2லேர்ந்து 7 போகாதுன்னு தெரிஞ்சதும் அவன் திருப்பிப் போட்டு 7லேர்ந்து 2ஐக் கழிச்சு 5னு எழுதுறான். பத்து இடத்துல 0லேர்ந்து 6 போகாது, அதையும் திருப்பி 6. நூறு இடத்துல 4ல 1 போனா 3. ஆக, எது பெருசோ அதுலேர்ந்து சின்னதக் கழிக்கணும்னு அவன் மனசுல ஒரு சட்டம் இருக்கு. அதே கணக்குக்கு இன்னொரு பொண்ணு 265னு எழுதுது. அதுக்குக் கடன் வாங்கத் தெரியும், ஆனா நடுவுல பூச்சியம் வந்ததும் நேரா நூறுகிட்டப் போயி வாங்கி ஒன்றுக்குக் கொடுத்துடுது, பத்தப் பட்டினி போட்டுட்டு கடைசில அத மட்டும் திருப்பிப் போட்டுடுது. ரெண்டுமே பிழைதான், ஆனா ரெண்டு வேற வியாதி. 365 எழுதுற பையனுக்கு நான் மறுபடியும் ஐஸ்கிரீம் குச்சிய எடுக்கணும், பத்து பத்தாக் கட்டி வெச்சு, கட்ட அவுத்துக் காட்டணும். 265 எழுதுற பொண்ணுக்குக் குச்சி வேணாம், ஒரு நூற பத்துப் பத்தா மாத்தி பத்து இடத்துல முதல்ல வெக்கணும்னு பக்கத்துல உக்காந்து மூணு கணக்கு போட்டுக் காட்டினா போதும். 235னு எழுதி வர்ற புத்தகத்துல எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது.

என் வாரம் இப்படித்தான் ஓடுது. திங்கள் குச்சியும் கட்டும், செவ்வாய் பலகையும் எழுத்தும், புதன் வீட்டுக்கு ஒரு பக்கம், வியாழன் காலைல அந்தப் பக்கத்தப் பாத்து யாரு எந்தக் குழுவுல உக்காரணும்னு பிரிக்கிறேன், வெள்ளி சின்னதா ஒரு சோதனை. வியாழக்கிழமை எல்லாரும் எல்லாமே சரியா கொண்டு வந்தா எந்தப் புள்ளைக்கு எதத் திருப்பிச் சொல்றது? கண்ணக் கட்டி விட்ட மாதிரி இருக்கு.

தமிழும் இப்படித்தான். சொல்வதெழுதுதல்ல மழைய 'மளை'ன்னு எழுதுவாங்க, வாழைப்பழத்த 'வாளப்பளம்'னு எழுதுவாங்க. நம்ம பக்கம் வீட்டுல அப்படித்தானே பேசுறோம், காதுல விழுந்தத எழுதுறான். அது சோம்பேறித்தனம் இல்ல, அவன் நல்லாக் கேட்டிருக்கான்னு அர்த்தம். 'மலை'ன்னு எழுதினா எனக்கு வேற யோசனை வரும், முன்ன படிச்ச சொல்லோட குழப்பிக்கிறான்னு. நீங்க வீட்டுலயே அழிச்சு 'மழை'ன்னு எழுதி அனுப்பிட்டா ரெண்டுல எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

இன்னும் சில பேரு "மார்க் எவ்வளவு டீச்சர்"னு வாட்சாப்புல கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஆறாம் ஆண்டுல எழுதுற அரசாங்கப் பரீட்சை யூபிஎஸ்ஆர் போயி வருசமாச்சு, 2021லயே எடுத்தாச்சு. முதல் மூணு ஆண்டுக்கு அரையாண்டு, இறுதியாண்டுப் பரீட்சையும் 2019லேர்ந்து இல்ல. ஆனா ஏழு ஏ எடுக்கணும்ங்கிற அந்தப் பழைய ஓட்டம் நம்ம வீட்டுக்குள்ள இன்னும் நிக்கல. இப்ப இருக்கிறது வகுப்பறை மதிப்பீடு, டிபி 1லேர்ந்து டிபி 6 வரைக்கும். டிபின்னா தேர்ச்சி நிலை. டிபி 3ன்னா நூத்துக்கு அம்பதுன்னு நெனச்சு அழுத அம்மாவ நான் பாத்திருக்கேன். அப்படி இல்லம்மா, சொல்லிக் கொடுத்தத புரிஞ்சிக்கிட்டு தானே செய்ய முடியுதுன்னு அர்த்தம், பயப்படாதீங்க. இத நான் வகுப்புல அவன் செய்றதப் பாத்துத்தான் போடுறேன். வீட்டுல அக்கா போட்ட கணக்கால டிபி ஏறாது.

ரோத்தான், அதான் பிரம்படி, அந்த விசயத்தையும் சொல்லிடணும். புத்தகத்துல பிழை பாத்தா அடிக்கிற வீடு இன்னும் இருக்கு. அந்தப் பிள்ளைங்கள எனக்கு உடனே தெரியும், பதில் எழுதின உடனே கையால மறைச்சிக்கும், தெரியலன்னா வெறுமனே விட்டுடும், எழுதினா தானே பிழை வரும். தயவு செஞ்சு அடிக்காதீங்க. பிழைக்கு அடி விழும்னு ஒரு தடவ தெரிஞ்சிட்டா அப்புறம் பிழைய மறைக்கத்தான் கத்துக்கும், கணக்கக் கத்துக்காது.

அப்ப என்னதான் செய்றதுன்னா, பக்கத்துல உக்காருங்க, பென்சில் மட்டும் அவன் கையில இருக்கட்டும். கேள்விய அவனையே சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, பாதிப் பிரச்சனை அங்கேயே தீந்துடும். "எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு"ன்னு கேளுங்க, சரியா தப்பான்னு நீங்க சொல்ல வேணாம். இந்த வயசுக்கு அரை மணி நேரம் போதும். முடியலன்னா புத்தகத்த மூடிடுங்க, ஓரத்துல 'இதுக்கு மேல தெரியலன்னு சொன்னான்'னு ஒரு வரி எழுதி அனுப்புங்க. ஒழுங்காப் போட்ட பத்து கணக்கவிட எனக்கு அந்த ஒரு வரி பெருசு. பயிற்சிப் புத்தகம் வாங்கின அன்னிக்கே பின்னாடி இருக்கிற விடைப் பக்கத்தக் கிழிச்சு எடுத்து வெச்சிருங்க. போன்ல போட்டோ புடிச்சா பதில் சொல்ற ஆப்ப அக்கா அண்ணன் போன்லயும் பாத்துக்கோங்க. பாட்டிதான் வீட்டுலன்னா பாட்டி கணக்கு சொல்லித் தர வேணாம், தமிழ்ப் பாடத்த தினம் ஒரு பத்தி பாட்டிக்கு வாசிச்சுக் காட்டட்டும், பாட்டி கேட்டுக்கிட்டு இருந்தாலே போதும். சனிக்கிழமை சாமான் கடைக்குப் போறப்ப பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டக் கையில கொடுத்து மிச்சம் எவ்வளவு வரணும்னு கேளுங்க, அதுவும் கழித்தல்தான்.

இன்னொன்னு, பள்ளியில கொடுக்கிற பாடநூல் இரவல் புத்தகம். அதுல பதில் எழுதாதீங்க. வருசக் கடைசில நாங்க ஒவ்வொரு பக்கமா அழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம், பேனாவுல எழுதினது போகவும் போகாது, அடுத்த வருசம் அந்தப் புத்தகம் கிடைக்கிற புள்ளைக்கு யோசிக்க எதுவுமே மிச்சம் இருக்காது.

இந்தப் புதன்கிழமை 6 கணக்குதான் கொடுத்துவிடுறேன். அதுல ரெண்டுல நடுவுல பூச்சியம் வரும், வேணும்னேதான் வெச்சிருக்கேன். உங்க புள்ள 365னு எழுதினாலும் 265னு எழுதினாலும் அப்படியே பையில போட்டு அனுப்புங்க. நான் வியாழன் காலைல குச்சிக் கட்ட எடுத்து மேசையில வெச்சிக்கிட்டுக் காத்திருப்பேன்.