துணைப்பாடத் தெரிவு: வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முதலாண்டில் கால் வைப்போருக்கு

பதிவுப் படிவத்தில் முதன்மைப் பாடத்தை நிரப்பும்போது எல்லாரும் யோசிக்கிறார்கள். துணைப்பாடம் என்ற கட்டம் வந்ததும் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்து அதையே எழுதிவிடுகிறார்கள். கிடைக்கும் பட்டம் இரண்டாம் வகுப்பின் மேல்நிலையா கீழ்நிலையா என்பதை நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தக் கட்டமே தீர்மானிக்கக்கூடும். எப்படி என்பதற்குக் கணக்கு கீழே இருக்கிறது.

முதலில் பட்டத்தின் அளவு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம். அதற்குக் குறைந்தது 90 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். அதற்கு 120 கிரெடிட். வருடத்துக்கு 30 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மொத்தத்துக்குள்தான் முதன்மைப் பாடம், துணைப்பாடம், கட்டாயப் பாடம் எல்லாம் அடங்கும். எதற்கு எத்தனை கிரெடிட் என்பது பீடத்துக்குப் பீடம் வேறு. வந்தாறுமூலையில் கலை கலாசார பீடத்தின் பங்கீடு ஒரு மாதிரி என்றால், விஞ்ஞான பீடத்தின் பங்கீடு இன்னொரு மாதிரி. ஒலுவில் கலை பீடத்துக்கும் சம்மாந்துறையிலுள்ள பிரயோக விஞ்ஞான பீடத்துக்கும் அப்படித்தான். ஆகவே சீனியர் அண்ணா சொன்ன கணக்கை விட்டுவிட்டு, உங்கள் மாணவர் தொகுதிக்குரிய வருடத்தின் பீடக் கைநூலைத் திறவுங்கள். பாடத்திட்டம் திருத்தப்பட்டிருந்தால் போன தொகுதிக்குப் பொருந்திய விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகும். கம்பஸில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

ஒரு கிரெடிட் எவ்வளவு வேலை? விரிவுரைப் பாடமானால் 15 மணித்தியால விரிவுரை. சுயபடிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாவற்றையும் சேர்த்தால் 50 மணித்தியாலம். மூன்று கிரெடிட் துணைப்பாடம் ஒன்றுக்கு விரிவுரை 45, மீதி 105. பதினைந்து வார அரையாண்டில் வாரத்துக்கு 3 மணித்தியாலம் மண்டபத்தில், 7 மணித்தியாலம் வெளியே. "லேசான பாடம்" என்று சொல்லி எடுத்தவர்கள் பிறகு திணறுவது இந்த ஏழு மணித்தியாலத்தைக் கணக்கில் எடுக்காததால்தான். செய்முறைப் பாடமானால் ஒரு கிரெடிட்டுக்கே 30 முதல் 45 மணித்தியாலம் ஆய்வுகூடத்தில் போகும். கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ இருந்து தினமும் பஸ் மாறி வருபவர், பின்னேரத்தில் வைக்கும் செய்முறை வகுப்பை நேரசூசியில் கண்டால் திரும்பிப் போகும் பஸ்ஸையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வரவும் இதோடு ஒட்டியது. பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்பதே பொதுவான விதி. 45 மணித்தியாலத்தில் 80 வீதம் என்றால் 36. தவறவிடக்கூடியது 9, அதாவது மூன்று வார வகுப்பு. கார்த்திகை, மார்கழி மழையில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாதைகள் தண்ணீருக்குள் போனால் ஒரு வாரம் தானாகவே கழிந்துவிடும். காய்ச்சலில் படுத்தால் மருத்துவச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தால் போதாது. கைநூல் சொல்லும் நாளுக்குள் பீட அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பிந்திக் கொடுத்த சான்றிதழைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

இனி அந்தக் கணக்கு. ஏ பிளஸ், ஏ இரண்டுக்கும் 4.00 புள்ளி, ஏ மைனஸ் 3.70, பி பிளஸ் 3.30, பி 3.00, பி மைனஸ் 2.70, சி பிளஸ் 2.30, சி 2.00. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவது ஜி.பி.ஏ., அதாவது சராசரித் தரப்புள்ளி. வகுப்புக்கான எல்லை பொதுவாக முதலாம் வகுப்பு 3.70, இரண்டாம் வகுப்பு மேல்நிலை 3.30, கீழ்நிலை 3.00.

120 கிரெடிட்டில் 18 துணைப்பாடத்துக்குரியது என்று வைப்போம். மற்ற 102 கிரெடிட்டில் சராசரி 3.50, அது நல்ல பெறுபேறு. துணைப்பாடம் முழுக்க சி வந்தால் 357உம் 36உம் சேர்ந்து 393. 120ஆல் வகுக்க 3.275. மேல்நிலை நழுவிவிட்டது. அதே துணைப்பாடத்தில் சி பிளஸ் வந்திருந்தால் 398.4, வகுத்தால் 3.32. மேல்நிலை கிடைக்கிறது. வித்தியாசம் ஒரு பிளஸ் மட்டும்தான்! சில பீடங்கள் சில கட்டாயப் பாடங்களை ஜி.பி.ஏக்குள் சேர்ப்பதில்லை. உங்கள் துணைப்பாடம் சேருமா என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

சி-க்குக் கீழே வந்தால் மீளத் தோற்றலாம். ஆனால் இரண்டாம் தடவை எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலான பீடங்களில் சி-க்கு மேல் பதியமாட்டார்கள். அதனால் "இப்ப சும்மா எழுதுவம், பிறகு ரிப்பீட் அடிப்பம்" என்ற கதை ஜி.பி.ஏயைத் தூக்காது.

எதைத் தெரிவது? உயர்தரத்தில் படித்த பாடமானால் அடித்தளம் இருக்கும், புள்ளி வரும். முதன்மைப் பாடத்துக்குக் கைகொடுக்கும் பாடமானால் ஒரே வாசிப்பு இரண்டுக்கும் உதவும்: புவியியலோடு புள்ளிவிபரம், பொருளியலோடு கணிதம். பயிற்றுமொழியையும் பாருங்கள், தமிழில் படித்து வந்தவர் ஆங்கில மூலப் பாடம் ஒன்றை எடுத்தால் முதல் அரையாண்டு மொழியோடு மல்லுக்கட்டவே போய்விடும். அதற்குத் துணிவிருந்தால் எடுங்கள், பின்னாளில் அது உதவும். நண்பர் எடுத்தார், விரிவுரையாளர் கண்டிப்பில்லாதவர் என்பவை காரணங்களே அல்ல.

சிறப்புப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்தத் துறை முன்னைய பாடங்களில் கேட்கும் ஆகக்குறைந்த தரத்தையும் மொத்த ஜி.பி.ஏயையும் துறைத்தலைவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இடங்களுக்கு எல்லையுண்டு. முதலாண்டில் படிக்காத பாடத்தில் இரண்டாமாண்டில் சிறப்புக் கேட்க முடியாது என்பதால், துணைப்பாடமாக எடுத்தது சில வேளை மாற்று வழியாக அமையும்.

ஆசிரியர் வேலையை நினைப்பவர் இன்னொன்று செய்ய வேண்டும்: பட்டதாரி ஆசிரியர் ஆட்சேர்ப்புக்கான பழைய வர்த்தமானி ஒன்றையாவது எடுத்துப் பாட நிபந்தனையை வாசியுங்கள். பட்டத்தில் நீங்கள் படித்த பாடத்தின் பெயரும் பாடசாலைப் பாடத்தின் பெயரும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நேர்முகத்தில் சிக்கல் வரும். துணைப்பாடம் பட்டச் சான்றிதழில் வருமா, பெறுபேற்று விபரத்தில் மட்டும் வருமா என்பதையும் கேளுங்கள்.

மாற்றம் செய்ய முடியும். ஆனால் கல்வி நாட்காட்டியில் குறித்த திகதிக்குள் மட்டும். படிவத்தில் விட்டுவரும் துறை, சேரும் துறை இரண்டின் தலைவரும் கையொப்பமிட்ட பிறகுதான் அது பீடத்தின் உதவிப் பதிவாளரிடம் போகும். கையொப்பமிட வேண்டியவர் லீவில் நின்றால் நாள் ஓடிவிடும். ஆகவே கடைசி நாளுக்குக் காத்திருக்காதீர்கள். இரண்டு பாடத்தின் நேரசூசியையும் பக்கத்தில் வைத்து மோதல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே படிவம் எடுங்கள்.

வகுப்பில் இருந்தால் பதிவானதாகாது. அரையாண்டு முழுதும் புதிய பாட வகுப்புக்குப் போய், பட்டியலில் பழைய பாடமே கிடந்ததால் பரீட்சை அனுமதி அட்டையில் பெயர் வராமல் நின்றவர்கள் உண்டு. படிவத்தைக் கொடுக்கும்போதே ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இரண்டு வாரம் கழித்து பாடவாரியான பெயர்ப்பட்டியலில் உங்கள் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த முத்திரைப் பிரதியோடு அன்றே அலுவலகத்துக்குப் போங்கள்.