கலசம் இருக்கிறது, இடிதாங்கி எதற்கு?

எர்த்திங், இடிதாங்கி வேலைக்காகக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் தடுத்துப் பார்ப்பார். கோயில்களில் அதிகம் கேட்பது இது: "கோபுரத்துல கலசம் இருக்கே சார், அதுவே இடிதாங்கிதானே? தனியா எதுக்குச் செலவு?"

கலசத்திலிருந்து தரைவரை உலோகப் பாதை இல்லாவிட்டால் அது இடிதாங்கி ஆகாது. மின்னலை வாங்கிக்கொள்ளும், இறக்கிவிட வழியிருக்காது. சாதாரணமாக ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். அது செங்கலுக்கும் சுதைக்கும் இடையே இருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, அந்த ஈரம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி விரிகிறது. சிற்பம் தெறித்து விழுவது அதனால்தான்.

இந்தத் தயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவில் இடி இடித்தால் தேவாலய மணியை அடிப்பது வழக்கம். "மின்னலை முறிக்கிறேன்" என்று லத்தீனில் மணியிலேயே பொறித்து வைத்திருந்தார்கள். ஊரிலேயே உயரமான கோபுரத்தின் அடியில், மழையில் நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்பார். 1784-இல் மியூனிக்கில் வெளியான ஒரு நூல், 33 ஆண்டுகளில் 386 தேவாலயக் கோபுரங்களில் மின்னல் விழுந்து, மணியடித்த 103 பேர் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் இடிதாங்கியை அறிவித்து அதற்குள் 30 ஆண்டு ஆகியிருந்தது. நினைத்தால் மனம் ஆறவில்லை.

1755-இல் பாஸ்டனில் நிலநடுக்கம் வந்தபோது, தாமஸ் பிரின்ஸ் என்ற போதகர் இடிதாங்கிகள்மேல் பழியைப் போட்டார். மின்னலை மண்ணுக்குள் இறக்கியதால்தான் பூமி குலுங்கியிருக்கும் என்பது அவர் வாதம். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் வின்த்ராப் அதை மறுத்து எழுதினார்.

ஆனால் மதம் ஒரு பக்கம், அறிவியல் மறுபக்கம் என்று பிரித்துவிட முடியாது. இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவில் 1754-இல் மின்னலைத் தணிக்கக் கம்பிக் கருவி நிறுவிய புரோகோப் திவிஷ் ஒரு பாதிரியார். அடுத்த சில ஆண்டுகளில் மழை பொய்த்ததும், இந்தக் கருவிதான் காரணம் என்று ஊர்மக்கள் அதை இழுத்துத் தள்ளிவிட்டார்கள். வெனிஸின் புனித மாற்கு மணிக்கோபுரம் திரும்பத் திரும்ப மின்னலில் சேதமானது. 1776-இல் அங்கே இடிதாங்கி பொருத்த முன்னின்ற ஜியுசெப்பே தொவால்தோவும் பாதிரியார்தான். திருப்பணிக் குழுவில் இருப்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது இவர்கள் இருவரையும்தான். பக்தியுள்ளவர் சொன்னால் பக்தியுள்ளவர் கேட்பார்.

இன்று மேலே கம்பி வைக்கப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. வைத்த பிறகு மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. தாமிரப் பட்டையை யாரோ கழற்றிப் போயிருப்பார்கள், அல்லது இணைப்புகள் துருப்பிடித்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கும். பிராகாரத்துக்குத் தளம் போடும்போது கம்பி மண்ணுக்குள் இறங்கும் குழியான எர்த் பிட்டையும் சேர்த்து மூடி டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் பல மடங்கு காட்டும். பாதை அறுந்த இடிதாங்கியும் வெறும் கலசமும் ஒன்றுதான்.

அப்புறம், திருவிழாவுக்குக் கோபுர உச்சிவரை சீரியல் செட்டும் கூம்பு ஸ்பீக்கரும் கட்டுகிறோம். மின்னலுக்கு அந்த ஒயரும் ஒரு பாதை. அன்று மணிக்கயிறு பிடித்தவருக்கு நேர்ந்தது இன்று மைக் பிடித்தவருக்கு நேரலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, கோடை மழைக்கு முன்பே எர்த் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் (ஒயர் வழியே திடீரென வரும் மிகை மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். இடிச் சத்தம் கேட்டதும் மைக் செட்டை நிறுத்தி, கோபுர வாசலில் ஒதுங்கியிருப்பவர்களை உள் மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை அவர்கள் அங்கேயே இருக்கட்டும்.