யார் முதலில் பேசுவது?

மட் என்ற மின்னஞ்சல் நிரலில் கடிதத்தை எழுதி முடித்து, அனுப்புவதற்கான 'ஒய்' விசையைத் தட்டினேன். பிழைச்செய்தி வந்திருந்தால்கூடத் தேவலை, எதுவுமே வரவில்லை. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரை கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தது. வெகுநேரம் கழித்து இணைப்பு அறுந்தது. கடவுச்சொல்லை நான்கு முறை மாற்றிப் பார்த்தேன். கோளாறு அங்கே இல்லை.

கடிதங்களை அனுப்பும் வேலையை நான் எம்எஸ்எம்டிபி என்ற சிறு நிரலிடம் விட்டிருக்கிறேன். அதன் அமைப்புக் கோப்பில் சர்வரின் பெயர், அதன் எந்த வாசல் என்று சொல்லும் போர்ட் எண், பயனர் பெயர், கடவுச்சொல், வழியில் யாரும் படிக்காமலிருக்க டிஎல்எஸ் மறையாக்கம் என்று சில வரிகள்தான். கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதிவைக்கத் தேவையில்லை. ஜிபிஜி என்ற மறையாக்க நிரல் பூட்டிய கோப்பிலிருந்து அந்த நேரத்துக்கு எடுத்துத் தரும் கட்டளையை எழுதினால் போதும்.

மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறையை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதியபோது கடவுச்சொல் என்ற பேச்சே அதில் இல்லை. தெருமுனைத் தபால்பெட்டி மாதிரி, யார் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். வேண்டாத விளம்பரக் கடிதங்கள் குவிந்த பிறகுதான், 1999-இல், அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் 'ஆத்' என்ற கட்டளைக்கு முறையான வரையறை வந்தது.

அந்தக் கட்டளை நடக்கும் விதம் வேடிக்கையானது. சர்வர் 220 என்று சொல்லி வரவேற்கும். நிரல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். 'ஆத் லாகின்' என்று கேட்டால், 334 என்ற எண்ணோடு புரியாத 12 எழுத்துகள் பதிலாக வரும். ஏதோ பெரிய ரகசியம் என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால், 'யூசர்நேம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும்! மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக எழுதும் பேஸ்64 முறையில் ஒன்பது பன்னிரண்டாக ஊதியிருக்கிறது, அவ்வளவுதான். அது பூட்டு அல்ல, பொட்டலம். நம் கடவுச்சொல்லும் இதே பொட்டலத்தில்தான் போகிறது. வழியில் எடுப்பவர் நொடியில் பிரித்துவிடுவார். அதனால்தான் டிஎல்எஸ் முதலில், கடவுச்சொல் பிறகு. 235 வந்தால் ஏற்றுக்கொண்டார்கள். 535 வந்தால் இல்லை.

எனக்கு இரண்டும் வரவில்லையே? உரையாடலை அப்படியே காட்டும் டீபக் முறையில் ஓட்டினேன். முதல் வரியான 220-ஐயே காணோம்.

டிஎல்எஸ்ஸுக்கு இரண்டு வாசல்கள். 587-ஆம் போர்ட்டில் பேச்சு வெளிப்படையாகத் தொடங்கும். நடுவில் 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' என்று சொல்லி மறையாக்கத்துக்கு மாறுவார்கள். 465-இல் முதல் பைட்டே டிஎல்எஸ். எஸ்எம்டிபியில் முதலில் பேச வேண்டியது சர்வர். டிஎல்எஸ்ஸிலோ நம் நிரல். நான் 465 என்று எழுதிவிட்டு, ஸ்டார்ட்டிஎல்எஸ் வரியையும் 'ஆன்' என்றே விட்டிருந்தேன். நிரல் 220-க்காகக் காத்திருந்தது. சர்வர் டிஎல்எஸ் வணக்கத்துக்காகக் காத்திருந்தது. பந்தியில் 'நீங்கள் முதலில் உட்காருங்கள்' என்று இரு சம்பந்திகளும் நின்றுகொண்டே இருந்த கதை.

'ஆன்' என்பதை 'ஆஃப்' ஆக்கினேன். 235 வந்தது.