எந்தப் பற்று நோட்டைத் திறப்பது?

1899-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கேட்டர் வுல்ஃபோர்டு, கை வுல்ஃபோர்டு என்ற சகோதரர்கள் ஒரு புதிய தொழிலைத் தொடங்கினார்கள். கடைக்காரர்களிடம் போய், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள், யார் இழுத்தடிக்கிறார்கள் என்று விசாரித்துப் பெயர்வாரியாகத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்பை வணிகர்களுக்கு விற்றார்கள். நம் ஊர் மளிகைக் கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது அந்தக் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் உள்ள எல்லாக் கடைகளின் நோட்டுகளையும் ஒரே புத்தகமாகக் கட்டிவிட்டால், உங்களை ஒருநாளும் பார்த்திராத கடைக்காரருக்கும் உங்கள் கைநாணயம் தெரிந்துவிடும்.

அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் ஈக்விஃபாக்ஸ். அதோடு சிகாகோவின் டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் ஆகிய இரண்டையும் சேர்த்தால், அமெரிக்கர்களின் கடன் வரலாற்றை எழுதி வைத்திருக்கும் மூன்று பெரிய நிறுவனங்கள் கிடைத்துவிடும். டிரான்ஸ்யூனியனை நமக்கும் தெரியும். வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளர் முதலில் கேட்கும் ‘சிபில் ஸ்கோர்’ வருவது டிரான்ஸ்யூனியன் சிபில் நிறுவனத்திலிருந்துதான்.

அமெரிக்காவில் புதிய கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் சிலர், விண்ணப்பிப்பதற்கு முன் இந்த மூன்றில் ஒன்றிலோ இரண்டிலோ உள்ள தங்கள் அறிக்கையை, புதிய வங்கிகள் பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே முடக்கி வைக்கிறார்கள். தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே பூட்டிவிட்டுக் கடன் கேட்பது முரணாகத் தோன்றும். ஆனால் அந்த மூன்று நோட்டுகளும் எப்படி எழுதப்படுகின்றன என்று பார்த்தால், இதன் கணக்கு விளங்கிவிடும்.

உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி, மாதந்தோறும் உங்கள் நிலுவை, கடன் வரம்பு, ஒழுங்காகக் கட்டினீர்களா என்ற விவரம் ஆகியவற்றைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. பெரிய வங்கிகள் மூன்றுக்கும் அனுப்புகின்றன. எனவே உங்கள் கார்டுகளும் கடன்களும் பெரும்பாலும் மூன்று நோட்டுகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே ஒரு வகைக் குறிப்பு மட்டும் அப்படியில்லை. புதிய கடனுக்காக ஒரு வங்கி உங்கள் நோட்டைப் புரட்டினால், ‘இன்ன தேதியில் இன்ன வங்கி வந்து பார்த்தது’ என்று அதே நோட்டின் ஓரத்தில் ஒரு வரி விழும். மற்ற இரண்டு நோட்டுகளுக்கும் அது போகாது. மூன்றும் போட்டி நிறுவனங்கள். யார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதை ஒன்று மற்றொன்றிடம் சொல்வதில்லை. முடக்கி வைக்கும் உத்தி முழுவதும் இந்தச் சின்னப் பிளவில்தான் நிற்கிறது.

இந்த வரிக்கு ஹார்ட் என்கொயரி என்று பெயர். வன்பொருள், மென்பொருள் என்று நாம் சொல்லிப் பழகியதுபோல இதை வன்விசாரணை என்று வைத்துக்கொள்ளலாம். நீங்களே உங்கள் அறிக்கையைப் பார்ப்பதும், ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கி அவ்வப்போது எட்டிப் பார்ப்பதும் மென்விசாரணை. அதனால் ஸ்கோர் அசையாது. வன்விசாரணை அறிக்கையில் இரண்டு ஆண்டுகள் தங்கும். பெரும்பாலான வங்கிகள் நம்பியிருக்கும் ஃபைகோ ஸ்கோர் அதில் முதல் 12 மாதங்களை மட்டுமே கணக்கில் எடுக்கும். 300-இலிருந்து 850 வரை போகும் அந்த ஸ்கோரில் ஒரு விசாரணைக்குக் குறைவது பெரும்பாலானவர்களுக்கு ஐந்து புள்ளிகளுக்கும் கீழேதான்.

ஐந்து புள்ளிக்காக இவ்வளவு பாடா என்று கேட்டால், கேள்வி நியாயமானது. ஸ்கோருக்கு அப்பால் ஒவ்வொரு வங்கிக்கும் சொந்தமாகச் சில விதிகள் இருப்பதுதான் காரணம். ஸ்கோர் 780 இருந்தாலும், கடைசி ஆறு மாதத்தில் ஏழெட்டு இடங்களில் கடன் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தால், ‘இவருக்கு என்ன அவசரம்?’ என்று வங்கியின் கணினி தயங்கும். மறுப்புக் கடிதத்தில் ‘அண்மையில் அதிக விசாரணைகள்’ என்று காரணம் வரும். வீட்டுக் கடனுக்கோ கார் கடனுக்கோ பல வங்கிகளில் வட்டி விசாரித்தால், குறுகிய காலத்துக்குள் நடந்த விசாரணைகளை ஃபைகோ ஒன்றாகவே எண்ணும். பழைய கணக்கீட்டு முறைகளில் இதற்கு 14 நாட்கள், புதியவற்றில் 45 நாட்கள். கிரெடிட் கார்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான்கு கார்டு கேட்டால் நான்கு விசாரணைகள்தான்.

இனி முடக்கத்துக்கு வருவோம். விண்ணப்பத்தின் கடைசிப் பொத்தானை நீங்கள் அழுத்தியதும், வங்கியின் கணினி உங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி, ஒன்பது இலக்கச் சமூகப் பாதுகாப்பு எண் (நம் ஆதார் எண் போன்றது) ஆகியவற்றை ஒரு கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்கும். மூன்று அறிக்கைக்கும் காசு கொடுப்பது வீண்செலவு என்பதால் பல வங்கிகள் ஒன்றை மட்டும் வாங்குகின்றன. எதை வாங்குவது என்பது வங்கிக்கு வங்கி மாறும். ஒரே வங்கிக்குள்ளும் நீங்கள் வாழும் மாநிலத்தைப் பொறுத்தும் கேட்கும் கார்டைப் பொறுத்தும் மாறும். உங்கள் அறிக்கை முடக்கப்பட்டிருந்தால், அறிக்கைக்குப் பதிலாக ‘முடக்கத்தில் உள்ளது’ என்ற தகவல் மட்டுமே திரும்பிப் போகும். இதற்குப் பிறகு வங்கிக்கு மூன்று வழிகள்: அடுத்த நிறுவனத்தைக் கேட்கலாம், விண்ணப்பத்தை நிறுத்தி வைத்து உங்களை அழைக்கலாம், மறுத்துவிடலாம்.

ஒருவர் டெக்சாஸில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஆண்டில் ஐந்து முறை கடன் கேட்டிருக்கிறார். ஐந்து வங்கிகளும் பார்த்தது எக்ஸ்பீரியன் நோட்டை. அதன் ஓரத்தில் ஐந்து வரிகள். டிரான்ஸ்யூனியன் நோட்டிலோ ஒன்றுகூட இல்லை. ஆறாவது வங்கியும் எக்ஸ்பீரியனைத்தான் முதலில் பார்க்கும் என்று தெரிந்தால், அவர் எக்ஸ்பீரியனை முடக்கிவிட்டு விண்ணப்பிக்கிறார். பூட்டைப் பார்த்த வங்கி டிரான்ஸ்யூனியனுக்குப் போகிறது. புதிய விசாரணை அங்கே பதிவாகிறது. எக்ஸ்பீரியனில் உள்ள ஐந்தும் ஆறாகாமல் மெல்லப் பழசாகின்றன.

இது ஏமாற்றா என்று சிலர் தயங்குகிறார்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. விண்ணப்பத்தில் பொய் எதுவும் எழுதப்படவில்லை. காரணம் சொல்லாமல் அறிக்கையை முடக்கும் உரிமையைச் சட்டமே தருகிறது. பார்க்க முடியாத அறிக்கைக்காகக் கார்டை மறுக்கும் உரிமை வங்கிக்கும் இருக்கிறது. இரு தரப்பும் கண்ணைத் திறந்துகொண்டுதான் பேசுகின்றன.

ஆனால் இந்த உத்தியின் பலனைப் பலர் மிகையாக நம்புகிறார்கள். பூட்டுவதால் நோட்டில் எழுதியது அழிவதில்லை. மறையும் விசாரணைகள் ஒரு நிறுவனத்தில் மட்டுமே மறைகின்றன. புதிதாகத் திறந்த கார்டுகள் மூன்றிலும் பளிச்சென்று தெரியும். சேஸ் வங்கி, கடந்த 24 மாதங்களில் எந்த வங்கியிலாவது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கார்டுகளைத் திறந்தவருக்குப் பொதுவாகக் கார்டு தருவதில்லை. அந்த வங்கி எண்ணுவது கணக்குகளை. எந்த நோட்டை மூடினாலும் அந்த எண்ணிக்கை அடுத்த நோட்டிலும் அப்படியே காத்திருக்கும். கேப்பிட்டல் ஒன் வங்கியோ மூன்று அறிக்கைகளையும் கேட்பதற்குப் பேர்போனது. ஒன்றை மூடி வைத்துக்கொண்டு அங்கே போனால் கதவிலேயே திரும்ப வேண்டியதுதான். வீட்டுக் கடனுக்கும் மூன்றும் வேண்டும். மூன்று ஸ்கோர்களில் நடுவில் உள்ளதைத்தான் வங்கிகள் எடுத்துக்கொள்கின்றன.

அதனால் நான் சொல்வது இதைத் திருப்பிப் போட்ட வழி. எப்போதும் மூன்றையும் முடக்கியே வைத்திருங்கள். கார்டு வேண்டிய அன்று, அந்த வங்கி கேட்கும் ஒன்றை மட்டும் சில நாட்களுக்குத் திறந்துவிடுங்கள். விசாரணை எந்த நோட்டில் விழ வேண்டும் என்பதை இதிலும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். இந்தப் பூட்டு எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தப் பாதுகாப்பும் ஆண்டு முழுவதும் கூடவே கிடைக்கிறது.

அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 2017 மே மாத நடுவிலிருந்து ஜூலை வரை ஈக்விஃபாக்ஸின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் இருந்தார்கள். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டைதான் அவர்களுக்கு வாசலானது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தும், ஈக்விஃபாக்ஸ் அதை உரிய நேரத்தில் போடவில்லை. ஏறத்தாழ 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் பறிபோயின. செப்டம்பர் 7-ஆம் தேதி விஷயம் வெளியே வந்ததும் மக்கள் தங்கள் அறிக்கைகளை முடக்க முண்டியடித்தார்கள். அப்போது இன்னொரு வெட்கக்கேடு தெரிந்தது. முடக்கத்தை நீக்க ஈக்விஃபாக்ஸ் ஒருவருக்குக் கொடுத்த ரகசிய எண், அவர் தன் அறிக்கையை முடக்கிய தேதியும் நேரமும்தான். ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டிய எண்ணை நாட்காட்டியும் கடிகாரமும் வைத்திருக்கும் எவரும் ஊகித்துவிடலாம். அந்த மக்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் விவரங்களை ஈக்விஃபாக்ஸிடம் நேராகக் கொண்டுபோய் ஒப்படைத்தவர்கள் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

ஒருவரின் பெயரும் எண்ணும் கையில் இருந்தால், திருடன் அவர் பெயரில் கார்டு கேட்கலாம். ஆனால் எந்த வங்கியும் நோட்டைப் பார்க்காமல் புதிய கடன் தருவது அரிது. நோட்டு பூட்டியிருந்தால் திருடனின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கடவுச்சொல்லை மாற்றுவதுபோலப் பிறந்த தேதியை மாற்ற முடியாத உலகத்தில், பறிபோன எண்ணைப் பயனற்றதாக்கும் வழி இது. ஆனால் அன்று பல மாநிலங்களில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டினால்தான் பூட்ட முடியும். 2018 மே மாதம் கையெழுத்தான மத்தியச் சட்டம், அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் நாடு முழுவதும் அதை இலவசமாக்கியது. இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் பூட்ட வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும் என்றும் கெடு வைத்தது. விண்ணப்பத்தோடு இதைச் சேர்த்து விளையாட முடிவது இந்த ஒரு மணி நேரத்தால்தான்.

எந்த வங்கி எந்த நோட்டைப் பார்க்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, ‘எதைத் திறந்து வைக்கட்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் சொல்லிவிடுவார்கள். மூன்று நிறுவனங்களும் வாரம் ஒருமுறை இலவசமாக அறிக்கை தருகின்றன. உங்கள் பழைய விண்ணப்பங்களின் தடம் அதில் விசாரணைப் பகுதியில் இருக்கும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்து மறுத்தோம் என்று வங்கி எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். திறக்கும்போது முடியும் தேதியையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த நாள் வந்ததும் தானாகவே மூடிக்கொள்ளும். மறந்துபோய் மாதக்கணக்கில் திறந்தே கிடப்பதுதான் இந்த வழியில் பலர் செய்யும் பிழை.

இன்னொரு பொறி இருக்கிறது. முடக்கம் கேட்டு இணையதளத்துக்குப் போனால், ‘லாக்’ என்ற பெயரில் வேறொரு சேவையை முன்னால் நிறுத்துவார்கள். கைபேசியில் தட்டினால் பூட்டும், தட்டினால் திறக்கும் என்பார்கள். சிலவற்றுக்கு மாதச் சந்தாவும் உண்டு. அது நிறுவனத்தோடு நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். முடக்கமோ சட்டம் தரும் உரிமை, என்றும் இலவசம். அந்தப் பக்கத்தில் கொஞ்சம் கீழே தேட வேண்டியிருந்தாலும் முடக்கத்தையே தேர்ந்தெடுங்கள்.

முடக்கியிருக்கும்போதும் உங்கள் ஸ்கோர் வழக்கம்போல ஏறி இறங்கும். இருக்கும் கார்டுகள் வேலை செய்யும். ஏற்கெனவே கடன் கொடுத்தவர்கள் அறிக்கையைப் பார்க்கலாம். மூன்று பெரியவற்றைத் தவிர இன்னோவிஸ், லெக்சிஸ்நெக்சிஸ், வங்கிக் கணக்கு திறக்கும்போது பார்க்கப்படும் செக்ஸ்சிஸ்டம்ஸ் போன்ற சிறிய நோட்டுகளும் உண்டு. அவற்றைத் தனித்தனியாகத்தான் பூட்ட வேண்டும்.

புதிதாக அமெரிக்காவுக்கு வேலைக்குப் போயிருக்கும் நம்மவர்கள் இந்த உத்தியில் இப்போதே இறங்க வேண்டாம். ஃபைகோ ஸ்கோர் பிறக்கவே ஒரு கணக்காவது ஆறு மாதம் பழகியிருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் உங்கள் பெயரில் நான்கு வரிகள் இருக்கலாம், இன்னொன்றில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். வங்கிக்குக் காட்ட இருப்பதே ஒரு மெல்லிய நோட்டு என்னும்போது, அதையும் மூடிவிட்டுக் கார்டு கேட்டால் கிடைக்காது. திருட்டுக்கு எதிரான காவலாக முடக்கி வையுங்கள், விண்ணப்பிக்கும் அன்று மூன்றையும் திறந்துவிடுங்கள்.

அங்கேயே பிறந்த உங்கள் குழந்தைக்கும் ஒரு சமூகப் பாதுகாப்பு எண் இருக்கும். எந்தக் கடன் வரலாறும் இல்லாத அந்த எண்ணைத் திருடர்கள் விரும்பித் தேடுகிறார்கள். பதினெட்டு வயது வரை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் அறிக்கையைப் பெற்றோர் முடக்கலாம் என்று அதே 2018 சட்டம் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழின் நகலையும் உங்கள் அடையாளச் சான்றுகளையும் மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும். பிள்ளையின் பெயரில் நோட்டே இல்லையென்றால், நிறுவனம் புதிதாக ஒன்றைத் திறந்து, ஒரு வரிகூட எழுதாமல், அப்படியே பூட்டி வைக்கும்.